தண்ணில கழுவுற ஆயில் பெயின்ட், தரங்கம்பாடி கோட்டை, மூணு நாள்

தண்ணி கலக்குற ஆயில் கலர் பத்தின ரிவ்யூ இது. கடைல வாட்டர் மிக்ஸபிள் ஆயில்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. வீட்ல சொம்பும் வாழப்பழமும் வச்சு ஒரு மணி நேரம் தீட்டிப் பாத்துட்டு எழுதல, மாசி மாசம் தரங்கம்பாடி போயி டான்ஸ்போர்க் கோட்டை எதிர்ல வெயில்லயும் காத்துலயும் மூணு நாள் உக்காந்து, 12க்கு 16 இன்ச் கேன்வாஸ் போர்டு ரெண்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் எழுதுறேன். பிராண்ட் பேரு போடல. நான் சொல்லப் போற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த வகை கலர் எல்லாத்துக்குமே பொது, அதனால பேரு முக்கியம் இல்லன்னு நெனைக்கிறேன்.

ஏன் இதை வாங்குனேன்னா, எங்க அப்பாவுக்கு வீசிங் இருக்கு. சாதா ஆயில் பெயின்ட்டை இளக்கவும் பிரஷ் கழுவவும் வச்சிருக்க டர்பன்டைன் பாட்டிலை நான் தொறந்தா பக்கத்து ரூம்ல அவருக்கு இழுக்க ஆரம்பிச்சிடும், மாடிக்குப் போயி வரைஞ்சாலும் துணியில ஒட்டிட்டு வர்ற அந்த வாடையே போதும். ரெண்டு வருஷமா தண்ணில கரையுற அக்ரிலிக் பெயின்ட்ல ஓட்டிட்டு இருந்தேன். ஆனா பழைய கட்டடம் வரையிற ஆளுங்களுக்குத் தெரியும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்ல வெளிச்சம் நிழலா மாறுற எடம் ஒரு கோடு கிடையாது, அது மெல்ல மெல்ல கரையும், அக்ரிலிக் அதுக்குள்ள காஞ்சிரும், வெளில வெயில்ல உக்காந்தா கலர் கலக்குற பேலட் தட்டுலயே அஞ்சு நிமிஷத்துல தோல் கட்டிரும். ஆயில்ல அந்த ஓரத்தை சாயங்காலம் வரைக்கும் விரலால கூட தேச்சு மாத்தலாம். இன்னொன்னு, டர்பன்டைன் தீப்பிடிக்கிற சமாச்சாரம், ட்ரெயின்ல கொண்டு போகவே கூடாது, பஸ்ல மூடி லூஸாயிட்டா நம்ம பை மட்டும் இல்ல பக்கத்து சீட்டு ஆளோட சோத்து மூட்டையும் நாசம். அதனாலதான் இதுக்கு வந்தேன்.

இது என்னமோ வாட்டர் கலருக்கும் ஆயிலுக்கும் பொறந்த கலப்புன்னு நெனச்சிட வேணாம். உள்ள இருக்குறது அதே ஆளி விதை எண்ணெய், அதே பிக்மென்ட், அதாவது நெறப்பொடி. எண்ணெய் தண்ணியோட சேருற மாதிரி அதைக் கொஞ்சம் மாத்தியிருப்பாங்க, இல்லன்னா சேர்க்கறதுக்குன்னு ஒரு பொருளை உள்ள போட்டிருப்பாங்க, அவ்ளோதான். 1990கள்லதான் கடைக்கு வந்துச்சு. தண்ணி ஆவியாப் போயிரும், மிச்சம் இருக்குற எண்ணெய் காத்துல இருக்க ஆக்ஸிஜனை இழுத்துத்தான் கெட்டியாகும், சாதா ஆயில் எப்படியோ அப்படியே. அதனால காயறதுக்கு நாள் கணக்குதான். தண்ணில கழுவுறதுன்னா விஷம் இல்லாததுன்னும் அர்த்தம் கிடையாது, காட்மியம் போட்ட மஞ்சள் இதுலயும் அதே காட்மியம்தான், பிரஷ் முனையை வாயில வச்சு கூராக்குற பழக்கம் இருந்தா விட்டுருங்க.

37 மில்லி ட்யூப் பத்து இருக்குற செட்டு, நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு. ஆன்லைன்ல வாங்குனேன், வித்த கடை யாருன்னு சொல்ல விருப்பமில்ல, ஆனா வந்த பெட்டியைத் தொறந்தா டைட்டானியம் வெள்ளை ட்யூப் அடில வெடிச்சு எண்ணெய் கசிஞ்சு அட்டையெல்லாம் ஊறிக் கெடந்துச்சு. ஃபோட்டோ அனுப்பு, வீடியோ அனுப்பு, அட்டைல இருக்க நம்பரை அனுப்புன்னு பன்னெண்டு நாள் இழுத்தடிச்சுதான் மாத்திக் குடுத்தாங்க. கட்டடம் வரையிறவனுக்கு வெள்ளை இல்லாம ஒண்ணும் ஓடாது, பத்து கலர்ல அது ஒண்ணு இல்லன்னா மீதி ஒம்போதும் சும்மா கெடக்கும். முடிஞ்சா நேர்ல கடைக்குப் போயி ட்யூபை அமுக்கிப் பாத்து வாங்குங்க. மூடியைத் தொறந்ததும் பெயின்ட்டுக்கு முன்னாடி வெறும் எண்ணெய் வழிஞ்சா அது ரொம்ப நாள் அலமாரில நின்ன சரக்கு.

இப்ப கோட்டை. 1620ல ஓவே கெட்டேங்கிற டேனிஷ் கப்பல் தலைவர், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு இடம் வாங்கிக் கட்ட ஆரம்பிச்சது. 1845ல டேனிஷ்காரங்க இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல அவங்க கைல இருந்துச்சு, இப்ப உள்ள தொல்லியல் துறை மியூசியம். ஊருக்குள்ள நுழையறப்பவே 1792ல கட்டுன நுழைவாயில் வரும், அதைத் தாண்டி ராஜா வீதி, 1718ல கட்டுன புது எருசலேம் சர்ச், எல்லாம் நேரா கடலைப் பாத்துப் போகும், கடைசில கோட்டை. கோட்டைக்குப் பக்கத்துலயே கடலோரமா மாசிலாமணி நாதர் கோயில், 1306ல பாண்டியர் காலத்துல கட்டுனது, அதுல பாதிக்கு மேல கடல் தின்னுருச்சு. எனக்கு அந்த ரெண்டையும் ஒரே எடத்துல நின்னு பாக்கும்போதெல்லாம் வயித்துல என்னமோ பண்ணும், கல்லுல கட்டுன கோயிலே நிக்கல, செங்கல்லும் சுண்ணாம்புமா கட்டுன கோட்டை நிக்குது, எத்தனை நாளைக்குன்னு தெரியாது. வரையணும்னு தோணுனதுக்கு அதான் காரணம்.

நமக்கு முன்னாடியே இதை வரைஞ்சவங்க இருக்காங்க. ஸ்வீடன்ல ஸ்கூக்ளோஸ்டர்னு ஒரு கோட்டை மாளிகை, அங்க 17ஆம் நூற்றாண்டுல தீட்டுன தரங்கம்பாடி ஆயில் பெயின்டிங் ஒண்ணு இருக்கு. கோட்டை, கொடி, கப்பலுங்க எல்லாம் இருக்கும், நெட்ல பாக்கலாம், நான் பிரின்ட் எடுத்து கைல கொண்டு போயிருந்தேன். அப்புறம் பீட்டர் ஆங்கர், நார்வேக்காரர், 1788லருந்து 1806 வரைக்கும் இங்க கவர்னரா இருந்தவர், அவர் வாட்டர் கலர்ல இந்தப் பக்கத்துக் கோயில் கோட்டையெல்லாம் வரைஞ்சு தள்ளியிருக்கார், அதெல்லாம் இப்ப ஆஸ்லோல இருக்கு. அவர் உக்காந்து வரைஞ்ச மண்ணுலதான் நானும் ஸ்டூலைப் போட்டேன்னு நெனச்சப்ப கை லேசா நடுங்குச்சு, பொய் இல்ல.

மொத நாள் காலைல ஆறேகாலுக்கே பீச்சுல எறங்கிட்டேன். படத்தை நிறுத்தி வைக்கிற ஈசல் ஸ்டாண்டுன்னு சொல்லிக்கிற அளவுக்கு இல்ல, மரப்பெட்டியை கேமரா ஸ்டாண்டு மேல திருகி வைக்கிற மாதிரி ஒண்ணு. அஞ்சு லிட்டர் தண்ணி கேனை அது அடில கயித்துல கட்டித் தொங்க விட்டேன், ஈசல் காத்துல சாயாது, கழுவுறதுக்குத் தண்ணியும் ஆச்சு. சாதா ஆயிலுக்கு இந்த வசதி கிடையாதுங்கிறதை அப்பதான் யோசிச்சேன். கடலோரத்துல கட்டடம் வரையறதுல இன்னொரு சௌகரியம் இருக்கு. தூரம் போகப் போகச் சின்னதாத் தெரியுறதை வரையிற பெர்ஸ்பெக்டிவ்ல, கண்மட்டக் கோடு ஒண்ணு நாம கற்பனையா போட வேண்டியிருக்கும்ல, இங்க கடல் முடியுற கோடே அதுதான். சுவரோட மேல் ஓரம் கீழ எறங்கி வந்து, கீழ் ஓரம் மேல ஏறி வந்து எங்க சேரும்னு சந்தேகம் வந்தா கடலைப் பாத்தா போதும், ரெண்டும் அந்தக் கோட்டு மேலதான் போயி முட்டும். கட்டடம் வரையக் கத்துக்கிறவங்க ஒரு தடவையாவது கடலோரத்துல உக்காந்து கத்துக்கணும், புத்தகத்துல பத்து பக்கம் படிச்சாலும் ஏறாதது அங்க அரை மணி நேரத்துல ஏறிடும்.

பென்சில் இல்லாம நேரா பிரஷ்லயே, பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்புல தண்ணி நெறைய விட்டு டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆக்கி கோட்டுருவம் போட்டேன். இந்த எடத்துல இந்த கலருக்கு நூத்துக்கு நூறு குடுப்பேன். டர்பன்டைன் விட்டுத் தீட்டுற மொத வாஷ், அதாவது மெலிசான அடிப்பூச்சு, எப்படி ஓடுமோ அதே மாதிரி ஓடுச்சு, தப்பா போட்ட வளைவை ஈரத்துணியால ஒத்தி எடுத்தா சுத்தமா வந்துருச்சு, பத்து பதினஞ்சு நிமிஷத்துல தண்ணி காஞ்சு மேல அடுத்தது வைக்க ரெடி. வாசனையே இல்ல. கொஞ்சமா எண்ணெய் வாசம், நல்லெண்ணெய் டப்பா தொறந்தா வர்ற அளவு கூட இல்ல.

சுவருக்கு வந்தப்பதான் பிரச்சினை. அந்தச் சுவர் தூரத்துலருந்து பாத்தா வெறும் மங்கின மஞ்சள்னு தோணும். பக்கத்துல போயி நின்னு பாத்தா, மழை எறங்குன தடத்துல கறுத்த பாசி, காரை பேந்த எடத்துல உள்ள செங்கல் எட்டிப் பாக்குது, ஒட்டுப் போட்ட எடம் மட்டும் ஒரு சாயல் வெளிறிக் கெடக்கு. காலை வெயில் கடல்லருந்து நேரா மேல அடிக்கிறப்ப அது மஞ்சளும் இல்ல, ரோஸும் இல்ல, நல்லா காய்ச்சுன பால் மேல ஏடு படியுமே அந்த நெறம். யெல்லோ ஓக்கர், டைட்டானியம் வெள்ளை, பர்ன்ட் சியன்னா கடுகளவு, மூணையும் கலந்து பெயின்ட் கொழைக்கிற கத்தி முனைல எடுத்து கையை நீட்டி சுவருக்கு நேராப் பிடிச்சுப் பாத்து, இன்னும் கொஞ்சம் வெள்ளை, இன்னும் துளி அல்ட்ராமரீன் நீலம்னு கால் மணி நேரம் பண்ணி சரியா புடிச்சேன். பெயின்ட் கெட்டியா இருந்துச்சுன்னு ரெண்டு சொட்டு தண்ணி விட்டுக் கொழச்சுத் தடவிட்டேன். எட்டரை மணிக்கு படத்தையும் சுவரையும் மாத்தி மாத்திப் பாக்குறேன், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

ராத்திரி ரூம்ல லைட்டைப் போட்டுப் பாத்தா சுவர் ஒரு சாயல் கறுத்துப் போயிருக்கு. லைட்டோட குத்தமோன்னு விட்டுட்டு காலைல மறுபடி கோட்டைக்கு நேராப் பிடிச்சுப் பாத்தேன், சந்தேகமே இல்ல, கறுத்துதான் போயிருக்கு. காரணம் இதுதான்: இந்த பெயின்ட்டுல தண்ணி விட்டுக் கொழைக்கும்போது எண்ணெயும் தண்ணியும் சேந்து பால் மாதிரி வெளுப்பா ஆயிடும், நம்ம கண்ணு பாக்குறது அந்த வெளுப்பைச் சேத்துதான், தண்ணி போனதும் வெளுப்பும் போயிரும், நெஜ நெறம் வெளிய வரும். சிவப்பு, நீலத்துல இது பெருசா தெரியாது. சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறுன நெறத்துல, அரை சாயல் வித்தியாசத்துல வெயிலா நிழலான்னு மாறுற எடத்துல, ரொம்பவே தெரியும். கவர்ல இதைப் பத்தி ஒரு வரி இல்ல. இருந்திருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சம்.

ரெண்டாவது நாள் இன்னொன்னு கத்துக்கிட்டேன். மொத நாள் வச்ச பெயின்ட் பாதி காஞ்சு பிசுபிசுன்னு இருக்கும்ல, அது மேல தண்ணி விட்டுக் கொழச்ச பெயின்ட்டை வச்சா ஒட்டாது, வெல்லப்பாகு மாதிரி இழுக்குது, பிரஷ் கீழ இருக்கதையும் சேத்துத் தூக்கிட்டு வருது. ஜன்னல் வளைவுக்கு அடில ஒரு நிழல் வைக்கப் போயி கீழ இருந்த ஓக்கர் மொத்தமும் கெளம்பி சேறா ஆயிருச்சு, கத்தியால சொரண்டி எடுத்துட்டு அந்த எடத்தைத் திரும்பப் போட்டேன். அப்புறம்தான் செட்டோட தனியா வாங்கி வச்சிருந்த எண்ணெய் பாட்டில் ஞாபகம் வந்துச்சு, இதே வகைக்குன்னு விக்கிற ஆளி விதை எண்ணெய், தண்ணிக்குப் பதிலா அதுல ஒரு சொட்டு விட்டுக் கொழச்சா அப்படியே வெண்ணெயா சறுக்கிட்டுப் போகுது. இழுவை இல்ல, வெளுப்பு இல்ல, நான் பேலட்ல பாத்த நெறமே காலைலயும் இருந்துச்சு. ஆக இந்த கலர் வாங்குறவங்க மனசுல எழுதி வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான், தண்ணி மொத வாஷுக்கும் கழுவுறதுக்கும் மட்டும், அதுக்கு மேல எண்ணெய். ஆயில்ல எப்பவுமே கீழ மெலிசு, மேல எண்ணெய் கூடன்னு ஒரு முறை இருக்கு, அப்படி வைக்கலன்னா நாளைக்கு வெடிப்பு விடும், அந்த முறைக்கும் இது சரியா பொருந்திப் போகுது. சாதா ஆயில் ட்யூபையும் இதோட கலக்கலாம், ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல போனா அப்புறம் தண்ணில கழுவ வராது.

மண்ணு பத்தி சொல்லணும். பதினோரு மணிக்கு எனக்குப் பின்னாடி வலை தைச்சிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர், காலைலருந்து ஒரு வார்த்தை பேசாம இருந்தவர், திடீர்னு சொன்னார், "பாப்பா, பொட்டிய மூடிக்க, இன்னும் செத்த நேரத்துல கொண்டல் ஏறும், மண்ணு வாரி அடிக்கும்." நான் இந்த ஓரம் மட்டும் முடிச்சிக்கிறேன் தாத்தான்னு சொல்லிட்டு உக்காந்தேன். பத்து நிமிஷம் இருக்காது, கடல்காத்து ஒரு வீசு வீசுச்சு, படத்தோட கீழ்ப் பாதி முழுக்க ரவையை அள்ளித் தூவுன மாதிரி மண்ணு. பதறிப்போயி துணியை எடுத்தேன், அவர் கையைக் காட்டி "தொடாத தொடாத, காயட்டும், அப்புறம் தட்டு"ன்னார். வலைக்குச் சாயம் போடுற கையாச்சே, அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஈரத்துல தொடச்சிருந்தா மண்ணு உள்ள புதைஞ்சு உப்புத்தாள் தேச்ச மாதிரி ஆகியிருக்கும். பத்து நாள் கழிச்சு, தொட்டா ஒட்டாத பக்குவத்துல காஞ்ச பிரஷ்ஷால தட்டினேன், முக்காவாசி உதிர்ந்துருச்சு. இது எந்த ஆயிலுக்கும் உள்ளதுதான், ஆனா தண்ணி கலக்குற கலருக்கு கூடுதலா ஒரு ஜாக்கிரதை வேணும். ஈரமா இருக்கும்போது அலைத் துளி பட்டா அந்த எடம் வெளுத்துப் புள்ளியா நிக்குது, ரெண்டு எடத்துல எனக்கு அப்படி ஆச்சு, மேல திரும்பத் தீட்ட வேண்டியதாப் போச்சு. கடலோரம், பனி கொட்டுற காலம், தூறல் இதெல்லாம் இருந்தா படத்தைத் தள்ளி வைங்க.

அதுக்கப்புறம் நேரத்தைப் பிரிச்சுக்கிட்டேன். காலைல ஒம்போது மணி வரைக்கும் கடல் பக்கத்துப் படம், நாலு மணிக்கு மேல ஊர்ப்பக்கம் திரும்பி உக்காந்து இன்னொரு படம். பிரான்ஸ்ல ரூவான் ஊரு சர்ச்சை மொனேங்கிற ஓவியர் 1892லயும் 93லயும் எதிர்ல ரூம் எடுத்து உக்காந்து முப்பதுக்கும் மேல கேன்வாஸ் வரைஞ்சார், வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாத்திக்கிட்டே இருப்பார். அந்தப் படங்கள்ல பெயின்ட்டே காரை மாதிரி தடிச்சு நிக்கும், கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அதைப் பாத்து நானும் சாயங்காலப் படத்துல சுவரை கத்தியாலயே அப்புனேன், கொத்தனார் கரண்டில பூசுற மாதிரி. இந்த கலர் கத்திக்கு ரொம்ப நல்லா ஒத்துழைச்சுச்சு, தண்ணியும் வேணாம் எண்ணெயும் வேணாம், ட்யூப்லருந்து வர்ற பதமே போதும், இழுத்த தடம் அப்படியே நிக்குது. நெழல்ல வெறும் கறுப்பு போடாதீங்க, அந்த வளைவுக்குள்ள பாத்தா கீழ மணல்ல பட்டுத் திரும்புற வெயில் நெழலோட மேல்பாதியை ஆரஞ்சா சூடாக்கும், கீழ்ப்பாதி ஊதாவா குளிரும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, எதைக் கூட்டுறீங்களோ அந்தப் பக்கம் சாயும். மைதானத்துல கிரிக்கெட் ஆடிட்டு இருந்த பசங்க பந்து வந்து விழுந்த சாக்குல சுத்தி நின்னுட்டாங்க, ஒருத்தன் "அக்கா, நம்ம கோட்டைல எங்கக்கா ஊதா இருக்கு"ன்னான். வளைவைக் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பாருடான்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஆமாக்கா, இருக்கு"ன்னு சொல்லிட்டு ஓடிட்டான். மறுநாள் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து அவனே காட்டிட்டு இருந்தான்.

கழுவுறது பத்தி ஒரு குறையும் கிடையாது. ரூம் பாத்ரூம்ல குளிக்கிற சோப்பைப் போட்டு உள்ளங்கைல தேச்சு மூணு தடவை அலசுனா பிரஷ் சுத்தம். கழுவுறதுக்கு முன்னாடி பேப்பர்ல நல்லா தொடச்சு பெயின்ட்டை எடுத்துருங்க, கலர் கலந்த தண்ணியை கடல்லயோ செடிலயோ ஊத்தாதீங்க. ஆனா பன்றி முடி பிரஷ் இதுக்கு ஆகாது, தண்ணில ஊற ஊற அது தொவண்டு போயிருது, மதியத்துக்குள்ள பழைய தொடப்பம் மாதிரி விரிஞ்சிருச்சு. கெட்டியான சிந்தெடிக் முடி பிளாட் பிரஷ் மூணு வாங்கிக்குங்க, அதுல ஒண்ணு ஒரு இன்ச்.

காயற கணக்கு என் படத்துல எப்படி இருந்துச்சுன்னா, பிரவுன் வகையெல்லாம் மூணாம் நாள் தொட முடிஞ்சுது, வெள்ளை நெறைய போட்ட சுவர் எட்டு நாள், கத்தியால தடிமனா அப்புன எடம் இன்னும் அமுக்குனா உள்ள மெத்துனு இருக்கு. காஞ்சதும் அங்கங்க மினுக்கம் செத்து மங்கலா ஆச்சு, சாதா ஆயிலை விட கொஞ்சம் கூடவே மங்குது. அந்த எடத்துல ஒரு துளி எண்ணெயைத் தேச்சு உடனே துணியால ஒத்தி எடுத்தா நெறம் திரும்ப வந்துருது. ஈரப் படம் ரெண்டையும் பஸ்ல கொண்டு வர, நாலு மூலைலயும் தீப்பெட்டி உயரத்துக்கு கார்க் துண்டு வச்சு முகத்துக்கு முகம் பாக்குற மாதிரி சேத்து டேப் சுத்திட்டேன், மயிலாடுதுறைல மாறி வீடு வர வரைக்கும் ஒரு எடம் கூட ஒட்டல.

யாருக்கு இதை வாங்கச் சொல்லுவேன்னா, வீட்ல மூச்சுப் பிரச்சினை உள்ளவங்க, கொழந்தை இருக்கவங்க, ஒரே ரூம்ல படுத்து அதே ரூம்ல வரையறவங்க, வெளியூர் போயி கோயில் கோட்டை அரண்மனைன்னு வரையறவங்க, இவங்க யோசிக்காம வாங்கலாம். காத்து வர்ற தனி ரூம் இருந்து, சாதா ஆயில் ஏற்கனவே கைல இருக்குன்னா மாற வேண்டிய அவசியம் இல்ல, வெலையும் சாதா ஸ்டூடன்ட் ஆயிலை விட கூடதான். அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், அந்த ஒண்ணு சுவர் கறுத்ததுக்காகப் புடிச்சது. பத்து கலர் செட்டு வேணாம், நான் மூணு நாளும் தொட்டது ஆறுதான்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரீன், பர்ன்ட் அம்பர், கடலுக்கு மட்டும் விரிடியன் பச்சை கொஞ்சம். வெள்ளை தனியா பெரிய ட்யூபா வாங்குங்க, என்கிட்ட 37 மில்லி மொத்தமும் அந்த ஒரு கோட்டைக்கே போயிருச்சு. எண்ணெய் பாட்டில் மறக்காதீங்க.

காலைப் படம் இப்ப அப்பா ரூம்லதான் மாட்டியிருக்கு, நாலு வாரம் ஆச்சு, அவருக்கு ஒரு தடவை கூட இழுக்கல. வார்னிஷ் ஆறு மாசம் கழிச்சுதான் அடிக்கணும், அதனால ஆவணி முடியட்டும்னு வச்சிருக்கேன்.